முதுகுக்குப் பின்னால் ஒரு குரல்

அன்புள்ள அம்மாவுக்கும் அப்பாவுக்கும் வணக்கம். கால் வீக்கம் வடிந்ததா அம்மா? நான் நன்றாக இருக்கிறேன், வயிறு நிறையச் சாப்பிடுகிறேன். போட்டி முடியும்வரை எங்கள் போன்களைக் கோச் வாங்கி வைத்துக்கொண்டார். அதனால்தான் ஊர் திரும்பும் டீம் டாக்டரம்மாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நேற்று காலிறுதியில் ஜெயித்துவிட்டோம்! இன்னும் இரண்டு ஆட்டம் ஜெயித்தால் இந்தக் கண்டத்துக்கே நாங்கள்தான் சாம்பியன். கடைசி செட்டில் ஒரே ஒரு பாயிண்ட் பாக்கி. எதிரணிக்காரி ஓங்கி அடித்த பந்தை எடுக்கக் கையை நீட்டிவிட்டேன்.

"விடுடி குட்டச்சி, வெளிய போகுது!"

அக்காவின் குரல். வாலிபால் ஆடுகிறவளை அப்படிக் கூப்பிட அவளைவிட்டால் யார்? சட்டென்று கையை இழுத்தேன். பந்து கோட்டைத் தாண்டி விழுந்தது. எல்லோரும் என்னைத் தூக்கிக்கொண்டு ஆடினார்கள்.

அக்கா ஊரில்தானே இருக்கிறாள், பிரமை என்றுதான் நினைத்தேன். உடை மாற்றும்போது கேப்டன் கேட்டாள்: "உன்னை யாருடி குட்டச்சின்னு கூப்பிட்டது? நமக்குப் பின்னாடி வெறும் சுவருதானே?"

அந்தப் பெயரை இங்கே ஒருவரிடமும் நான் சொன்னதில்லை. பயப்படாதே, சிரித்து மழுப்பிவிட்டேன். ஆனால் இன்று பயிற்சியில் கேப்டன் எனக்குப் பின்னால் நிற்க மாட்டேன் என்கிறாள்.

டாக்டரம்மாவுக்குப் பதிலாக வருகிறவரிடம் இரண்டு ஜோடி சாக்ஸ் கொடுத்தனுப்பு. அக்காவுக்குப் பிரசவ நாள் நெருங்கிவிட்டது, தெரியும். இருந்தாலும் ஒரு வரி எழுதச் சொல். நீ எழுதி அவள் பெயரைப் போட்டுவிடாதே அம்மா. அவள் கையெழுத்து எனக்குத் தெரியும்.

பஸ் ஹாரன் அடிக்கிறது, ஓடுகிறேன்.

உன் சின்ன மகள்