ஒயானாவை உரியவர் கையில் கொடு

அன்பு மகள் பிராகோவுக்கு,

குமாசியிலிருந்து அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் உடம்பால் நன்றாக இருக்கிறோம், மனசைப் பற்றி மட்டும் கேட்காதே. நீயும் உன் மடியில் இருக்கும் அந்தப் பச்சை மண்ணும் காய்ச்சல் கீய்ச்சல் இல்லாமல் இருக்க ஆண்டவர் பார்த்துக்கொள்ளட்டும். செவ்வாய்க்கிழமை காலை பாஸ்டர் அசாமோவா என் கடைக்கே வந்து, உன்னை ஊழியத்திலிருந்து எடுத்துவிட்டதாகவும் அடுத்த விமானத்தில் வீட்டுக்கு அனுப்பப்போவதாகவும் சொல்லிவிட்டுப் போனார். செத்துப்போன உன் தோழி மிலாவின் புருசன் வீட்டார் பாட்டா ஊரில் உங்கள் மிஷன் வீட்டு வாசலில் வந்து நின்று, கானாக்காரி எங்கள் பிள்ளையைத் திருடிக்கொண்டு போகப் பார்க்கிறாள் என்று தெருவே கேட்கக் கத்தினார்களாம். அன்று மத்தியானமே நீ உன் அம்மாவுக்குப் போனில் குரல் பதிந்து அனுப்புகிறாய், பிள்ளை ஒயானா இல்லாமல் நான் ஊருக்கு வரமாட்டேன் என்று. போனில் பேசலாம் என்றால் பாதியில் நீ அழுகிறாய், மீதியில் உன் அம்மா போனைப் பிடுங்கிக்கொள்கிறாள், அவள் முடிப்பதற்குள் லைன் அறுந்துபோகிறது. அதனால் எழுதிவிட்டேன். சனிக்கிழமை அங்கே வரும் நம் சபை சிஸ்டர் டூஃபியேவின் கையில் கொடுத்தனுப்புகிறேன். பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு உட்கார்ந்து கடைசிவரை படி.

உன்மேல் கோபமா என்றால், இருக்கிறது, ஆனால் நீ நினைக்கிற காரணத்துக்கு இல்லை. மிலாவோடு நீ பழகியது தப்பு என்று நான் ஒருநாளும் சொல்லவில்லை. சபை வைத்த ஸ்பானிஷ் வகுப்பில் ஜெபம் சொல்லக் கற்றுக்கொண்டேன், மிலாவோடு மீன் பொரிக்க உட்கார்ந்துதான் சண்டை போடக் கற்றுக்கொண்டேன் என்று நீ எழுதியபோது அதைக் கடையில் எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். நான் ஹவுசா கற்றுக்கொண்டதும் லாரி டிரைவர்களோடு கத்திக் கத்தித்தான். சண்டை போடத் தெரியாத பாஷையில் வியாபாரம் செய்ய முடியாது, ஊழியமும் செய்ய முடியாது. பிறகு அவள் கத்தோலிக்கக் கோவிலில் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது உன்னை ஞானத்தாயாக நிறுத்தினாள். இங்கே பாஸ்டருக்கு அது பொறுக்கவில்லை. "ஸ்பானிஷ்ல என்ன சொல்லி ஒத்துக்கிட்டாளோ, அவளுக்கே அர்த்தம் தெரிஞ்சிருக்காது" என்றார். அர்த்தம் தெரியட்டும் என்றுதானே ஐயா அனுப்பினீர்கள் என்று நான்தான் அவர் வாயை அடைத்தேன். மழைக்காலத்துக் காய்ச்சலில் மிலா படுத்தாள், எழுந்திருக்கவில்லை. கடைசி நாளில் பிள்ளையை உன் மடியில் வைத்து, இவளை அனாதையாக விட்டுவிடாதே என்றாள். இதுவரைக்கும் உன்மேல் ஒரு குற்றமும் இல்லை.

அதற்குப் பிறகு நீ செய்ததுதான் கோளாறு. பிரசவத்துக்கு வந்த மிலா தன் அண்ணன் எடூ வீட்டிலேயே தங்கியிருந்தாள் அல்லவா, நீ அந்த எடூவிடம் போய் இரண்டு பாட்டில் வைத்து, பிள்ளையைக் குமாசிக்குக் கொண்டுபோய் வளர்க்கிறேன் என்று கேட்டாய். அவன் குடித்தான், தலையை ஆட்டினான், நீ காரியம் முடிந்தது என்று நினைத்துவிட்டாய். ஏன் நினைத்தாய் என்று எனக்குத் தெரியாதா? நம்மிடம் பிள்ளை தாய்வழி. உன்னைப் பெற்றவன் நான், பெயர் வைத்தவன் நான், படிக்கவைத்தவன் நான், ஆனாலும் நீ உன் அம்மா குடும்பத்துப் பெண். உன் தாய்மாமன் இருமினால்தான் இந்த வீட்டில் நல்லது கெட்டது நடக்கும். அந்தக் கணக்கை அப்படியே கடல் தாண்டித் தூக்கிக்கொண்டு போய், எடூ தாய்மாமன், அவன் சொன்னால் சரி என்று எடுத்துக்கொண்டாய். நானும் அப்படித்தான் நினைத்தேன், அதைச் சொல்லிவிடுகிறேன். டுவாலாவில் இருந்துகொண்டு பாட்டாவரை கியர்பாக்ஸ் அனுப்புகிற என் பழைய கூட்டாளி கம்தெமைக் கூப்பிட்டுக் கேட்டபோதுதான் விளங்கியது. முதலில் வயிறு குலுங்கச் சிரித்தான். "அடேய் அமங்குவா, உன் பொண்ணு வண்டியை டிரைவர்கிட்ட வாங்கியிருக்குடா, ஓனருக்குச் சேதியே தெரியாது!" என்றான். பிறகு சிரிப்பை நிறுத்தி, அந்த ஜனங்களிடம் பெண்ணுக்குப் பரிசம் கொடுத்துவிட்டால் அவள் பெறுகிற பிள்ளை அப்பன் வீட்டுப் பிள்ளை, தாய்மாமன் கொஞ்சலாம், சீர் வாங்கலாம், எடுத்துக்கொடுக்க உரிமை கிடையாது என்று சொன்னான். மிலாவுக்கு அவள் புருசன் ஒந்தோ முழுப் பரிசமும் வைத்துத்தான் கட்டியிருக்கிறான். எடூவுக்கு இது தெரியாமலா இருக்கும்? தெரிந்துதான் குடித்திருக்கிறான். அவனோடு நீ இனி ஒரு வார்த்தை பேசவேண்டாம், சண்டையும் வேண்டாம்.

இங்கே வீட்டு நிலவரம் சொல்கிறேன், தெரிந்துகொள். உன் அம்மா உன் அறைக்குச் சுண்ணாம்பு அடித்து, பிள்ளையைக் குளிப்பாட்ட இளஞ்சிவப்பில் ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டி வாங்கி வைத்துவிட்டாள். உன் மாமன் வந்து அந்தத் தொட்டியைத் தட்டிப் பார்த்து, "புள்ள வந்தா நம்ம புள்ளதான், எவன் கேட்கப்போறான்" என்று சொல்லிவிட்டு ஃபுஃபு சாப்பிட்டுப் போனார். கேட்பவன் இருக்கிறான், அவன் பெயர் ஒந்தோ என்று நான் சொன்னதும் உன் அம்மாவுக்கு வந்ததே கோபம். "நீங்க இரும்பு விக்கிற மனுசன், உங்களுக்குப் புள்ளையும் கிளட்ச் பிளேட்டும் ஒண்ணுதான். செத்தவ வார்த்தைக்கு ஒரு மரியாதை இல்லையா?" என்றாள். இரண்டு நாளாக என்னோடு பேச்சில்லை, தட்டை மட்டும் நகர்த்தி வைக்கிறாள். நானும் கல் இல்லை, பிராகோ. நீ அனுப்பிய படத்தில் அந்தப் பிள்ளை உன் காதைப் பிடித்துக்கொண்டு இருப்பதை எத்தனை தடவை பார்த்தேன் என்று எனக்கே வெட்கம். ஆனால் யோசித்துப் பார். ஒந்தோ நடுக்கடலில் எண்ணெய்க் கிணற்று வேலையில் இருந்தான், அவன் கரைக்கு வருவதற்குள் பெண்டாட்டியை மண் போட்டு மூடியாயிற்று. அவள் முகத்தையும் பார்க்கவில்லை. அவனுக்கு மிச்சம் இருப்பது இந்த ஒரு உயிர். அதைக் கேட்காமல் நீ விமானத்தில் ஏற்றினால், அந்தப் பிள்ளை வளர்ந்து நின்று, என் அப்பா எங்கே என்று கேட்கும் நாளில் அதற்கு யார் பதில் சொல்வது, நீயா, தொட்டி வாங்கிய உன் அம்மாவா? அனாதையாக விடாதே என்றுதான் மிலா கேட்டாள். அப்பன் உயிரோடு இருக்கும் பிள்ளையை அப்பனிடமிருந்து பிரித்தால் அதற்குப் பெயர் என்ன, நீயே சொல்.

ஒந்தோ மறுபடியும் கடல் வேலைக்குப் போய்விட்டதால் அவன் அண்ணன் எசோனோவோடு பேசினேன். வாசலில் வந்து கத்தியது அவர்தான். கம்தெம் நடுவில் இருந்து இரண்டு பக்கமும் பாஷை மாற்றிச் சொன்னான். கெட்ட மனுசன் என்று நினைத்துத்தான் கூப்பிட்டேன். அவர் முதலில் என் உடம்பைக் கேட்டார், பிறகு உன் உடம்பைக் கேட்டார். "ஐயா, உங்க பொண்ணு எங்க மிலாவைக் கடைசிவரைக்கும் கழுவித் துடைச்சுப் பார்த்துக்கிட்டா, அதை நாங்க மறக்கலை. ஆனா ஊர்ல எல்லார் வீட்டுக் கதவையும் தட்டினவ எங்க கதவை மட்டும் தட்டலையே. எங்களைச் செத்தவங்கன்னு நினைச்சுட்டாளா?" என்று கேட்டார். விலை பேசிப் பேசி வயதான எனக்கு, அந்த இடத்தில் மன்னிப்புக் கேட்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை, கேட்டேன். நீயும் கேட்பாய். சரக்கைப் பார்க்காமல் பேச்சை நம்புகிறவன் நான் இல்லை, அதனால் கம்தெமின் லாரிக்காரனை எசோனோ வீட்டுக்கே அனுப்பிப் பார்க்கச் சொன்னேன். வீடு எவினாயோங் போகும் சாலையில், ஓட்டுக் கூரை, கிணறு மூடியிருக்கிறது, எசோனோவின் மனைவி எயாங்குக்கும் கைக்குழந்தை இருக்கிறது. லாரிக்காரன் யார் என்று தெரிந்ததும் அந்தப் பெண் கேட்ட முதல் கேள்வி, ஒயானாவுக்கு எந்தப் பால் ஒத்துக்கொள்கிறது, எது கொடுத்தால் வாந்தி எடுக்கிறது என்பதுதானாம். அதைக் கேட்ட பிறகுதான் நான் பேச்சை முடிக்க ஒத்துக்கொண்டேன். வேறு எதைக் கேட்டிருந்தாலும் இன்னும் இழுத்திருப்பேன்.

பாஸ்டரிடமும் பேசிவிட்டேன். "அவ ஊழியத்துக்குப் போனாளா, புள்ள வளர்க்கப் போனாளா?" என்று குதித்தார். "அந்த ஜனங்களோட கலந்து பழகுங்கன்னு நீங்கதானே பாஸ்டர் தலையில கை வெச்சு அனுப்பினீங்க. கலந்துட்டா. டீயில கரைஞ்ச சர்க்கரையை இப்ப நான் எப்படிப் பிரிச்சுத் தர்றது?" என்றேன். முகத்தைத் தூக்கிக்கொண்டார், ஆனால் பிள்ளை முறையாகக் கைமாறினால் நீ உன் வருசத்தை அங்கேயே முடிக்கலாம் என்று ஒத்துக்கொண்டார். அதனால் எல்லையைத் தாண்டி ஓடுகிற யோசனை ஏதாவது இருந்தால் இப்போதே விட்டுவிடு, அது உன்னை மட்டும் இல்லை, ஊழியத்துக்குக் கூடப் போன பிள்ளைகளையும் சிக்கலில் மாட்டும். பிள்ளையைக் கொடுக்கப் போகிற அன்று நல்ல துணி கட்டிக்கொண்டு போ, அழுத முகத்தோடு போகாதே, பிள்ளை பயந்துவிடும். ராத்திரி எந்தப் பக்கம் படுத்தால் தூங்குகிறாள், எந்தப் பாட்டுக்கு அடங்குகிறாள், எல்லாவற்றையும் எயாங்கிடம் நிதானமாகச் சொல், அதற்குப் போதுமான ஸ்பானிஷ் உனக்கு மிலா கொடுத்திருக்கிறாள். சாப்பாட்டை விடாதே. கொடுத்துவிட்டுத் திரும்பும்போது தனியாக வராதே, சிஸ்டர் டூஃபியேவைச் சாலையில் நிற்கச் சொல்லியிருக்கிறேன். இதைப் படித்துவிட்டு என்னை வெறுத்தாலும் பரவாயில்லை, அம்மாவுக்கு மட்டும் உடனே ஒரு வார்த்தை பேசு. உன்னைப் படைத்தவர் உன் நெஞ்சைத் தாங்கிப் பிடிக்கட்டும், நீ போகிற வழியெல்லாம் உனக்கு வெளிச்சம் இருக்கட்டும்.

நானும் எசோனோவும் பேசி முடித்தது இது. ஒயானா ஒந்தோவின் பிள்ளை, எசோனோ வீட்டில் வளர்வாள். நீயே தூக்கிக்கொண்டு போய் உன் கையால் எயாங் கையில் கொடுப்பாய், எடூவோ மிஷன் ஆட்களோ நடுவில் வரக்கூடாது. திருடி என்று சொன்ன சொல்லை அவர்கள் அதே மிஷன் வாசலில், அதே ஆட்கள் முன்னால் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். இரண்டு பக்கமும் அபராதம் கிடையாது. நீ அந்த நாட்டில் இருக்கும்வரை மாதம் ஒரு ஞாயிறு அவளோடு இருப்பாய், வெளியே கொண்டுபோகக் கூடாது. உடுப்பு வாங்கினால் அவர்களைக் கேட்கவேண்டாம், மருந்து வாங்கினால் கேட்கவேண்டும். அவளுக்குப் பேச்சு வந்ததும் மிலா எப்படி இருந்தாள், எப்படிச் சிரித்தாள் என்று சொல்லிக்கொடுப்பது உன் உரிமை, அதை யாரும் தடுக்கமாட்டார்கள். உன்னை அவள் அம்மா என்று கூப்பிட நீ பழக்கக்கூடாது. இந்த ஒன்றில் நான் எவ்வளவோ பேசிப் பார்த்தேன், எசோனோ இறங்கவில்லை, விட்டுக்கொடுத்துவிட்டேன்.

உன்னைப் பெற்றவன்,
அமங்குவா