அக்கா எடுத்துப்போன ஜாடி

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

புது ஆய்வகம் எப்படி இருக்கிறது? நீ இங்கிருந்து கிளம்பிய மறுநாள் ஆய்வகத்துக்கு வந்து பார்த்தால், என் ஜன்னலோரத்துத் தட்டைப்புழு ஜாடியைக் காணோம். எட்டு மாத உழைப்பு. பெருக்குகிற அம்மா, "உங்க அக்காதான் ஜாடி வாயில துணி கட்டி எடுத்துட்டுப் போனாங்க" என்கிறார். தெரியாமல் எடுத்திருப்பாய். அனுப்பிவிடு.

தங்கை

மார்ச் 11

செல்லத் தங்கச்சிக்கு,

ஒரு ஜாடிக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்? விஷயத்தைக் கேள். அந்தப் புழுக்கள் அரிசி நீளம்கூட இல்லை, முட்டையிடும் உறுப்பும் இல்லை. நம் குளத்துப் புழு விரல்நகம் அளவு இருக்குமே! இது புது இனம், அடித்துச் சொல்கிறேன். ஏப்ரல் இருபது மாநாட்டில் பெரிய திரையில் உயிரோடு காட்டப்போகிறேன். என் உரைச்சுருக்கம் அச்சுக்குப் போயாயிற்று. உன் பெயரையும் போடலாம்தான், ஆனால் தண்ணீர் மாற்றியவர்களையெல்லாம் சேர்த்தால் இடம் போதாதடி. அம்மாவிடம் மூக்கைச் சிந்தாதே.

அக்கா

மார்ச் 15

அன்பு அக்காவுக்கு,

அழுது முடித்துவிட்டேன். வாழ்த்துகள். ஒன்றே ஒன்று: திரையில் புழு சோர்ந்து கிடந்தால் நன்றாகவா இருக்கும்? வாரம் மூன்று தடவை ஈரல் துணுக்குப் போடு. மாநாடு வரை விடாதே.

தங்கை

ஏப்ரல் 15

தங்கச்சி,

புழுக்கள் வளர்கின்றன! முதலில் தின்று உப்பியிருக்கின்றன என்றுதான் நினைத்தேன். ஒவ்வொரு வாரமும் அளந்திருக்கிறேன், கணக்கைக் கீழே எழுதியிருக்கிறேன், பார். இப்போது அச்சு அசல் குளத்துப் புழு. என்னத்தைக் கலந்து தொலைத்தாய்? உடனே பதில் போடு, உனக்குப் புண்ணியமாகப் போகும்.

அக்கா

ஏப்ரல் 22

அக்காவுக்கு,

உன் கடிதம் பதினேழாம் தேதியே வந்துவிட்டது. மாநாடு முடியட்டும் என்று வைத்திருந்தேன்.

நான் எதையும் கலக்கவில்லை. தட்டைப்புழுவைப் பட்டினி போட்டால் லேசில் சாகாது. தன் உடம்பையே கரைத்துத் தின்று, முட்டையிடும் உறுப்பு முதற்கொண்டு இழந்து, சிறுத்துக்கொண்டே போகும். தீனி கிடைத்தால் பழையபடி வளரும். "பட்டினி, தொடக்கம் ஜூலை 2" என்று மூடிமேல் எழுதியிருந்தேன். நீ மூடியை என் மேஜையில் கழற்றிப் போட்டுவிட்டுப் போனாய். வாழ்நாளெல்லாம் நத்தைகளையே ஆராய்ந்தவள் நீ, புழுவைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

திரையில் குளத்துப் புழுவைப் பார்த்து அரங்கமே சிரித்ததாமே. கேட்டதும் எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது, மறைக்கமாட்டேன். வீட்டில் எல்லோரும் நான் கொஞ்சத்தில் திருப்தியாகிறவள் என்றே நினைத்தீர்கள். நான் பிறக்கும்போது அப்படி இல்லை அக்கா.

சிறுத்தவை திரும்ப வளர்வதுதான் என் ஆய்வின் மறுபாதி. அதை நீ வாரம் தவறாமல் செய்துகொடுத்துவிட்டாய். உன் அளவுகளையும் சேர்த்து, என் ஒருத்தி பெயரில் கட்டுரையை இன்று காலை அனுப்பிவிட்டேன்.

உன்னைக் கேட்கவில்லை.

தங்கை