நீ சொல்லாததை நான் சொன்னேன்

ஓர்ஸ் ஹில்,
திருகோணமலை.
ஞாயிறு காலை

அன்பு மகள் லக்சாயினிக்கு,

இங்கே நானும் அப்பாவும் உடம்பால் சுகம், மனத்தால் இல்லை. உன் சுகத்தைக் கேட்டால், ஓம் அம்மா இருக்கிறன் என்று சொல்லி இரண்டு நிமிடத்தில் போனை வைத்துவிடுகிறாய், மூன்று கிழமையாக இப்படித்தான். அதனால்தான் கடிதம். போனில் சொன்னால் நான் அழுது நீயும் அழுது விஷயம் பாதியில் நிற்கும், அதோடு இது எழுத்தில் இருக்கவேண்டிய விஷயம், ஏனென்று கடைசியில் சொல்கிறேன். காலையிலிருந்து மூன்று தரம் கதிரையில் இருந்து எழும்பிவிட்டேன், ஒருதரம் பால் பொங்கியது, மற்ற இரண்டு தரமும் சும்மாதான். அப்பா யன்னலடியில் நின்று கப்பல் பார்க்கிறாராம். துறைமுகத்தில் வேலை செய்து பென்சன் எடுத்து எட்டு வருசமாகிறது, இனி என்ன கப்பல், உன்னை நினைத்துத்தான் நிற்கிறார்.

உன்னிடம் வைத்தியத்துக்கு வரும் ஒருவர், தன் நோய் வருத்தத்தை நீ ஊருக்குச் சொல்லிவிட்டாய் என்று முறைப்பாடு கொடுத்திருக்கிறார், விசாரணை வைக்கப்போகிறார்கள் என்று போனில் அப்பாவிடம் சொன்னாயே, அப்பா போனைச் சத்தமாகப் போட்டிருந்தார், நான் அப்போது குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். நீ அவருடைய பெயரைச் சொல்லவில்லை, ஆனால் எனக்கு உடனே விளங்கிவிட்டது. "நான் ஒருத்தரிட்டயும் ஒண்டும் சொல்லேல்லை அப்பா, எப்பிடிப் போச்சுதெண்டு தெரியேல்லை" என்று நீ அழுதாய். அந்த நிமிடமே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். மகள், அது என்னால் போனது.

சாம்பல்தீவுக் கோணேஸ்வரியை உனக்குத் தெரியும், சனிக்கிழமைகளில் டவுனுக்கு வந்தால் எங்கள் வீட்டில் தேத்தண்ணி குடிக்காமல் போகமாட்டாள். அந்த மனிதர் அவளுடைய தம்பி, நீ இருக்கும் ஊரிலேயே இருப்பவர். தம்பியின் பெயரை நான் இதில் எழுதவில்லை, அதையாவது இப்போது படித்துக்கொண்டேன். நீ டொக்டரான நாளிலிருந்து இந்த வீட்டுக்கு வெறுங்கையோடு வருபவர்கள் குறைவு. நீ கடல் தாண்டிப் போய்விட்டாய், மீனும் இறாலும் தயிரும் எனக்கு வருகிறது. வாங்கி வைத்துக்கொண்டு, கேட்டதற்குப் பதில் சொல்லாமல் எப்படி அனுப்புவது? கோணேஸ்வரி அன்றைக்கு ஒரு பை நண்டோடு வந்து, "தம்பி உங்கட மகளிட்டத்தான் காட்டுறானாம் அக்கா, என்னவோ சோதிச்சிருக்கினமாம், கேட்டால் வாயே திறக்கிறானில்லை, ஒருக்கால் கேட்டுச் சொல்லுங்கோ" என்று கண்ணைத் துடைத்தாள். நண்டுக்குழம்பு சாப்பிட்ட கையோடுதான் உனக்குப் போன் எடுத்தேன். "அவர் என்னிட்ட வாறாரோ இல்லையோ எண்டதைக்கூட நான் சொல்லேலாது அம்மா, இனி இப்பிடிக் கேக்காதேங்கோ" என்று நீ வெட்டிப் பேசினாய். எனக்குச் சரியான கோபம். பெற்ற தாய்க்குச் சொல்லாத அப்படி என்ன கதை என்று இரண்டு நாள் அப்பாவோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அடுத்த சனிக்கிழமை அவள் படலையைத் திறக்கும்போதே என் முகத்தைப் பார்த்துக்கொண்டு வந்தாள். மகள் சொல்லமாட்டாளாம் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. டொக்டரின் அம்மா என்று பெரிய கதை, மகளிடம் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்ல வக்கில்லை என்று நினைப்பாளே. ஒன்றும் பெரிதில்லையாம், சின்னக் கட்டியாம், மருந்தோடு மாறிவிடுமாம் என்று சொல்லிவிட்டேன். கட்டி என்ற சொல் என் வாயில் எங்கிருந்து வந்தது என்று சத்தியமாகத் தெரியாது. அவள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போய் அன்றைக்கே தம்பியிடம் சொல்லியிருக்கிறாள். என் குருட்டுச் சொல் அவருக்கு எங்கே போய்ப் பட்டதோ, எனக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். அதற்குப் பிறகு அவர் உன்னிடமும் வரவில்லை, வேறு ஒருவரிடமும் போகவில்லையாம்.

வெள்ளிக்கிழமை அப்பாவையும் கூட்டிக்கொண்டு ஓட்டோ பிடித்து சாம்பல்தீவுக்குப் போனேன். கோணேஸ்வரி முற்றத்தில் கருவாடு காயப்போட்டுக்கொண்டு நின்றாள். மகள் ஒரு சொல்லும் சொல்லவில்லை, எல்லாம் நான் இட்டுக்கட்டிச் சொன்னது என்று சொன்னேன். ஏசுவாள் என்று நினைத்தேன். அவள் என்னைப் பார்த்து, "அப்ப அவனுக்குப் பெரிசா ஒண்டுமில்லை எண்டதும் பொய்தானே அக்கா" என்று மட்டும் கேட்டாள். மகள், அந்தக் கேள்வியோடுதான் இரண்டு நாளாக இந்த வீட்டுக்குள் நடந்துகொண்டிருக்கிறேன். பிறகு அவளே தம்பிக்குப் போன் எடுத்து என்னிடம் தந்தாள். நான் எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் "சரி அன்ரி" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். நேற்று கோணேஸ்வரி சொன்னாள், வேறொரு டொக்டரிடம் போக ஓம் என்றாராம். முறைப்பாட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையாம். அவளுடைய பெயரை இதில் எழுதலாமா என்று கேட்டேன், எழுதுங்கோ என்றாள்.

அதனால் இந்தக் கடிதத்தை நீ ஆங்கிலத்தில் மாற்றுவித்து விசாரணைக்காரரிடம் கொடு. அம்மாவின் மானம் போய்விடும் என்று பார்க்காதே, மானம் பார்த்து நான் செய்த வேலைதானே இவ்வளவும். நேற்றுப் பின்னேரம் பக்கத்துவீட்டு நஸ்ரின் வட்டிலப்பமும் மகனுடைய இரத்தப் பரிசோதனை றிப்போட்டும் கொண்டுவந்தாள். வட்டிலப்பத்தை வாங்கிக்கொண்டு றிப்போட்டைத் திருப்பிக் கொடுத்தேன், கிளினிக்குக்குக் கொண்டுபோங்கோ என்று. பெருமை பிடித்தவள் என்று நினைத்திருப்பாள், நினைக்கட்டும். என் சீனி வருத்தத்துக்கும் இனி உன்னிடம் மருந்துக் குளிசை கேட்கமாட்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. குளிருக்குத் தலையை மூடிக்கொண்டு போ. பத்திரகாளி அம்மன் உனக்குத் துணை நிற்பாள், அந்தத் தம்பிக்கும் நிற்கவேண்டும் என்று இரண்டு பேருக்கும் சேர்த்தே நெய்விளக்கு வைத்தேன். விசாரணை நாளை மட்டும் மறக்காமல் அறிவி. அவர்கள் கேட்பார்கள் என்று முழுப்பெயரும் போட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் பெயரில் பொய் சொன்ன உன் அம்மா,
பாக்கியரத்தினம் கதிரவேல்