டாக்டரம்மாவின் இரண்டு கதவு வண்டி

அம்மா,

இன்று காலை ஷிஃப்டுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போகும்போது, என் பஸ்ஸில் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். மெஷினில் விரல் மாட்டிக்கொண்டதாம். கையில் புதுக் கட்டு. அதிலிருந்து ஸ்பிரிட் வாடை வந்தது. கவரப்பேட்டையிலிருந்து கும்மிடிப்பூண்டி வரைக்கும் நான் திரும்பவே இல்லை. திரும்பினால் அங்கே நீங்கள் இருக்க மாட்டீர்கள் என்று தெரியும்.

அந்த வாடை என் முதுகுக்குப் பின்னால் எத்தனையோ வருஷம் வந்துகொண்டிருந்தது. உங்கள் அப்பா விட்டுப்போன அந்தப் பெரிய வெளிநாட்டு வண்டியின் பின் சீட்டில், மருந்துப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நீங்கள் உட்கார்ந்திருப்பீர்கள். செவ்வாய்க்கிழமை ஆரணி, வெள்ளிக்கிழமை எளாவூர், மற்ற நாளெல்லாம் கும்மிடிப்பூண்டி ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரி என்றால் இரண்டு அறையும் ஒரு வராந்தாவும்தான். திரும்பி வரும் வழியெல்லாம் பேசிக்கொண்டே வருவீர்கள். எந்தப் பெண்ணுக்கு ரத்தம் போதவில்லை, எவளுக்கு மாமியார் கஞ்சி மட்டுமே கொடுக்கிறாள், எந்தக் குழந்தை உங்கள் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கியது, எல்லாம். நான் டிரைவர் கண்ணாடியில் உங்கள் நெற்றியை மட்டும் பார்த்து "ஆமாம்மா" என்பேன். சில நாள் அந்த ஒரு வார்த்தைதான் நான் பேசியிருப்பேன். ஆனாலும் பேசிக்கொண்டு வந்ததாகத்தான் இரண்டு பேருக்கும் நினைப்பு.

உங்களுக்கும் பேச வேறு ஆளில்லை. திருவள்ளூரில் பெருமாள் கோயில் கைங்கரியத்தில் இருந்த குடும்பம் உங்களுடையது. கல்யாணம் வேண்டாம், டாக்டருக்குத்தான் படிப்பேன் என்று நீங்கள் நின்றபோது உங்கள் அப்பா ஒருவர்தான் பக்கத்தில் நின்றாராம். அவர் போன பிறகு அந்த வீட்டுக்கு நீங்கள் வருஷத்தில் ஒருநாள், அவருடைய திதிக்கு மட்டும் போவீர்கள். நான் தெருமுனையில் வண்டியை நிறுத்தியிருப்பேன். சாப்பிட்டுவிட்டு உடனே வந்துவிடுவீர்கள். எனக்கும் வீட்டில் விளக்கேற்றி வைக்க ஆளில்லை. என் மனைவி போனபின் காலனியில் எங்கள் வீடு பூட்டிக் கிடந்த நேரமே அதிகம். உங்கள் ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் என் பாய் இருந்தது.

அரபு நாட்டில் சண்டை வந்து பெட்ரோல் விலை ஏறியது அந்தச் சமயத்தில்தான். அந்த வண்டி குடிக்கிற பெட்ரோலுக்கு ஒரு லாரியே ஓட்டலாம். விலை ஒருதரம் ஏறி நிற்கவில்லை, மறுபடி ஏறியது. ஃபீஸைக் கூட்டுங்கள் என்று கம்பவுண்டர் சொன்னார். நீங்கள் கேட்காதது போல இருந்துவிட்டீர்கள். ஆரணிக்குப் போவதை நிறுத்திவிடலாம் என்று அவரே இன்னொரு நாள் சொன்னபோது மட்டும் அவரை நிமிர்ந்து பார்த்தீர்கள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஆரணியிலிருந்து திரும்பும்போது நீங்கள் பேசவில்லை. புதுவாயல் பக்கம் வந்ததும்தான், "சாமுவேல், எனக்கு வண்டி ஓட்டக் கத்துக் குடுப்பியா?" என்று கேட்டீர்கள்.

அதற்கு என்ன அர்த்தம் என்று அந்த நிமிஷமே எனக்குப் புரிந்தது. பெரிய வண்டி போகப்போகிறது. டிரைவரும் போகப்போகிறான். நான் வேகத்தைக் குறைக்கவில்லை. "எப்ப ஆரம்பிக்கலாம்மா?" என்றுதான் கேட்டேன். நீங்கள் அதற்குப் பிறகு வீடு வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தீர்கள்.

பெரிய வண்டியை வாங்க மதராஸிலிருந்து சினிமாவுக்கு வண்டி வாடகை விடுகிற ஆள் ஒருவர் வந்தார். அன்று ஆஸ்பத்திரிக்கு வந்திருந்த ஓர் அம்மாள் பின் சீட்டைத் தடவிப் பார்த்து, "இதுலதாம்மா எம் புள்ள பொறந்துச்சு. ஆஸ்பத்திரி வந்து சேர்றதுக்குள்ளயே வந்துட்டான்" என்றார். வாங்க வந்த ஆளுக்குச் சிரிப்பதா முகம் சுளிப்பதா என்று தெரியவில்லை. நீங்கள் உள்ளே போய்விட்டீர்கள்.

பதிலுக்கு வந்தது அந்தச் சின்ன வண்டி. யாரோ ஓட்டிப் பழசாக்கியது. இரண்டே கதவு. பெரிய வண்டிக்கு முன்னால் நின்றால் அதன் குட்டி போல இருந்திருக்கும். பின்னால் ஏற வேண்டுமென்றால் முன் சீட்டை மடக்கிவிட்டுக் குனிந்துதான் ஏற வேண்டும். மருந்துப் பெட்டி பின்னால் போனது. நீங்கள் டிரைவர் சீட்டில். உங்கள் கால் கிளட்சுக்கு எட்டவில்லை. சீட்டைக் கடைசி வரை முன்னால் தள்ளி, முதுகுக்கு ஒரு தலையணை வைத்தோம். நான் உங்களுக்கு இடது பக்கம். நடுவே தரையிலிருந்து நீண்ட கியர். அத்தனை வருஷத்தில் அன்றுதான் உங்கள் முகத்தைக் கண்ணாடியில்லாமல் நேராகப் பார்த்தேன். காதோரம் நரைத்திருந்தது எனக்குத் தெரியாது.

ஏரி வற்றிக் கிடந்தது. அதன் நடுவிலே வட்டமாக ஓட்டிப் பழகினீர்கள். பிறகு ரோட்டுக்கு வந்தோம். கல்கத்தா லாரி எதிரே வந்தால் கையெல்லாம் இறுகிப்போகும் உங்களுக்கு. "எதுவா இருந்தாலும் முதல்ல ஓரங்கட்டுங்கம்மா. அப்பறம் இன்னான்னு பாத்துக்கலாம்" என்பேன். நான் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான். மிச்சமெல்லாம் உங்களுக்குத் தானாக வந்தது.

ஊர் சும்மா இருக்கவில்லை. ஐயங்கார் வீட்டு டாக்டரம்மா ஓட்டுகிறார், காலனிப் பையன் பக்கத்தில் ஜம்மென்று உட்கார்ந்து போகிறான் என்று டீக்கடையில் பேசினார்கள். அது திருவள்ளூர் வரைக்கும் போயிற்று. உங்கள் அண்ணா ஒருநாள் ரயிலேறி வந்தார். என்னை வராந்தாவில் பார்த்தும் பார்க்காதவர் போல உள்ளே போனார். ஜன்னல் திறந்திருந்தது. அவர் பேசியது எனக்குக் கேட்டது. நீங்கள் குரலை உயர்த்தவே இல்லை.

"கத்துக் குடுக்கறவன் பின்னாடி உக்காந்துண்டு எப்படிண்ணா கத்துக் குடுப்பான்?" என்றீர்கள். பிறகு, "மோர் சாப்பிடறேளா?" என்று கேட்டீர்கள். அவர் சாப்பிடாமலே போய்விட்டார். அன்று சாயங்காலம் வண்டி எடுக்கும்போது ஹாண்ட் பிரேக்கை விட மறந்துவிட்டீர்கள். நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

லைசென்ஸ் வந்துவிட்டது. அதற்குப் பிறகும் நீங்கள் என்னைப் போகச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நீங்கள் ஓட்டுவீர்கள், நான் பக்கத்தில் உட்கார்ந்து வருவேன். முன்பு போலவே பேசுவீர்கள். இப்போது நானும் பேசினேன். என் மனைவி காய்ச்சலில் போனதை முதல்முதலாக யாரிடமாவது முழுசாகச் சொன்னேன் என்றால் அது அந்தச் சீட்டில்தான். நீங்கள் டாக்டராக ஒன்றும் கேட்கவில்லை. "பேரென்ன?" என்று மட்டும் கேட்டீர்கள். எஸ்தர் என்றேன்.

ஆனால் ஆரணி ஆற்றுப் பாலத்து மேடு வந்தால் மட்டும் வண்டி ஆஃப் ஆகிவிடும். வாராவாரம். "இன்னும் நான் தேறல போலிருக்கு சாமுவேல்" என்பீர்கள். முதலில் நான் நம்பினேன். அப்புறம் உங்கள் காலைக் கவனித்தேன். அவ்வளவு அழகாகக் கிளட்சை விடத் தெரிந்த கால், அந்த மேட்டில் வேண்டுமென்றே சட்டென்று எழுந்தது. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் சொல்லவில்லை. ஆனால் சின்ன வண்டியில் மிச்சம் பிடித்ததெல்லாம் என் சம்பளமாகப் போய்க்கொண்டிருந்தது. ஊசி மருந்து வாங்கத் தவணை சொன்னீர்கள். மத்தியானத்துக்கு மோர் சாதம் மட்டும் என்றானது. ஊரைச் சுற்றிப் புதிதாகத் தொழிற்சாலைகள் வந்துகொண்டிருந்தன. ஆள் கேட்கிறார்கள் என்று தெரிந்து நானே போய் நின்றேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பாலத்து மேட்டில் வண்டி நின்றது. பின்னால் ஒரு மாட்டு வண்டி. நீங்கள் சாவியில் கை வைத்தீர்கள்.

"அம்மா, உங்களுக்கு வண்டி ஓட்ட வந்துடுச்சு. இது தானா நிக்கல. ஃபேக்டரில எனக்கு வேலை சொல்லிட்டாங்க. வர்ற மாசம் சேரணும்."

மாட்டு வண்டிக்காரர் சுற்றிக்கொண்டு போய்விட்டார். நீங்கள் ஆற்று மணலைப் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள்.

"சம்பளம் நான் குடுக்கறதை விட ஜாஸ்திதானே?"

"ஆமாம்மா."

"அப்ப போ." வண்டியைக் கிளப்பினீர்கள். வண்டி மேட்டில் அலுங்காமல் ஏறியது. பாலத்தைத் தாண்டிய பிறகு, "பேசிண்டு வர ஆளில்லாமப் போயிடும். அது ஒண்ணுதான்" என்றீர்கள். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றுவரைக்கும் யோசிக்கிறேன். "ஆமாம்மா" என்றுதான் சொன்னேன்.

அப்புறம் நான் ஃபேக்டரி லாரியில் இருந்தேன். வெள்ளிக்கிழமையில் எளாவூர் செக்போஸ்டில் லாரி வரிசையில் நின்றிருந்தால், நீங்கள் சின்ன வண்டியை ஓரமாக விட்டுவிட்டு நடந்து வருவீர்கள். லாரி டிரைவர்களெல்லாம் ஒதுங்குவார்கள். இரண்டு பேரும் நின்றபடி டீ குடிப்போம். "காலி வண்டியில நானே பேசிண்டு போறேன் சாமுவேல். மாட்டு வண்டிக்காரனெல்லாம் பார்த்துச் சிரிக்கறான்" என்று ஒருமுறை சொன்னீர்கள். நானும் சிரித்தேன். மிச்ச டீயைக் கீழே ஊற்றிவிட்டேன். என்னை பஸ்ஸுக்கு மாற்றிய பிறகு எளாவூர்ப் பக்கம் எனக்கு வேலை இல்லாமல் போயிற்று. பார்ப்பது குறைந்தது.

செய்தி எனக்கு ஃபேக்டரி கேட்டில் கிடைத்தது. ஆரணிக்கு ஒரு மைல் இருக்கும்போது உங்களுக்கு நெஞ்சுவலி வந்திருக்கிறது. எதிரே பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் ரோட்டை அடைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். நீங்கள் ஓரங்கட்டியிருக்கிறீர்கள். புளியமரத்து நிழலில், எஞ்சினை அணைத்து, ஹாண்ட் பிரேக்கைப் போட்டு, அப்புறம்தான் சாய்ந்திருக்கிறீர்கள். கர்ப்பிணி மனைவியை உங்களிடம் கூட்டிவந்த ஒரு வண்டிக்காரர், டாக்டரம்மா அசந்து தூங்குகிறார் என்று மாட்டை அவிழ்த்துக் கட்டிவிட்டுக் காத்திருந்தாராம். எழுப்ப அவருக்கு மனசு வரவில்லையாம்.

நான் போய்ச் சேரும்போது உங்களை வேனில் திருவள்ளூருக்குக் கொண்டு போய்விட்டிருந்தார்கள். மரத்தடியில் சின்ன வண்டி மட்டும் நின்றது. பக்கத்தில் உங்கள் அண்ணா, சாவியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டு.

"சாமுவேல் நீங்கதானே?" என்றார். நீங்க என்றார், அம்மா. "வண்டியை எங்காத்துக்குக் கொண்டுவரணும். வேற யாரையும் அதுல உக்கார வைக்க எனக்கு மனசு வரல."

அவர் முன் சீட்டில், நான் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தார். டிரைவர் சீட்டு நீங்கள் வைத்தபடியே கடைசி வரை முன்னால் இருந்தது. பின்னுக்குத் தள்ள ஒரு நிமிஷம் போதும். நான் தள்ளவில்லை. அவரும் அதைப் பார்த்தார். ஸ்டீரிங் முட்டியில் இடிக்க இடிக்க, பெரியபாளையம் வழியாகத் திருவள்ளூர் வரைக்கும் அப்படியே ஓட்டினேன். பாதி வழியில் அவர், "என்னதான் பேசிண்டு போவேள் ரெண்டு பேரும்?" என்று கேட்டார். கோபமாக இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும் போலக் கேட்டார். சொன்னேன். ரத்தம் போதாத பெண், கஞ்சி கொடுக்கும் மாமியார், கண்ணாடியைப் பிடுங்கிய குழந்தை. தெரு வரும்வரை சொன்னேன். அவர் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

காரியமெல்லாம் முடிந்து வண்டியைப் பொன்னேரியில் ஒரு வாத்தியாருக்குக் கொடுத்துவிட்டார்கள். நல்லபடியாக வைத்திருக்கிறார். புதுப் பெயிண்ட் அடித்திருக்கிறார். வேலையாட்களை இறக்கிவிட்டுக் காலி பஸ்ஸோடு திரும்பும்போது சில நாள் அது எதிரே வரும். ஓட்டுவது யார் என்று கண் பார்ப்பதற்குள் என் கை மேலே போய்விடுகிறது. அந்த வாத்தியார், யாரோ தெரிந்தவன் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அவரும் கையைத் தூக்குகிறார். நான் அதை வாங்கிக்கொள்கிறேன்.

சாமுவேல்