கொட்டை எழுத்தில் கடைப்பெயர்

குழந்தைகளின் அம்மாவுக்கு,

சுகம்தானே? முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கிறாயா? நான் குண்டுக்கல்லாட்டம் இருக்கிறேன்.

கடைக்குப் பின்னால் பாதுகாக்கப்பட்ட காடும் சதுப்புநிலமும் இருப்பதாகப் பெருமையடித்தேனே, இப்போது அந்த ஜன்னலைத் திறந்தாலே குமட்டுகிறது. உடம்பைக் குறைக்க நடக்க வருகிறவர்கள், தின்ற மிச்சத்தைப் பையோடு தண்ணீரில் வீசிவிட்டுப் போகிறார்கள். நேற்று காட்டுக் காவலர், புழு நெளியும் பிளாஸ்டிக் பை ஒன்றைக் குச்சியில் தூக்கிவந்து என் கல்லாப்பெட்டிமேல் போட்டார்.

"கொக்கு காலுல மாட்டிக்கிட்டு கெடந்துச்சு. உங்க கடைப் பேரு நல்லா மிதக்குதுண்ணே."

விளம்பரத்துக்காக நானே அச்சடித்த பை.

வியாபாரம் படுத்தாலும் சரி, இனி துணிப்பைதான். உன் பழைய புடவைகளில் தைத்து அனுப்பு. நீ உடுத்திய ஒரு புடவையை மட்டும் வெட்டாமல், துவைக்காமல் அதோடு வைத்து அனுப்பு. அது கடைக்கு இல்லை, என் தலைமாட்டுக்கு.

ஆள் வந்துவிட்டது, நிறுத்துகிறேன்.