வெண்ணி கொண்டுவந்த உயிர்க்காசு

மழை பொய்யாதிருக்க. ஏரி வற்றாதிருக்க. எல்லை காப்போர் கண் அயராதிருக்க.

நீர்வேலி நாடுடைய வேந்தர் பெருஞ்சாத்தனாரின் ஆணை தலைமேற்கொண்டு, தலைமை அமைச்சன் தாழையூர்க் கிழான் மாறன், வடவெல்லைக் கல்லரண் கோட்டையின் படைமுதலி வீரக்கண்ணர்க்கு விடுக்கும் ஓலை. உமக்கும் உம் கோட்டைக்கும் உம் கீழ் வாளெடுத்த யாவர்க்கும் நலம் உண்டாகுக.

செய்ய வேண்டியதை முதலில் செய்யும். வரும் பௌர்ணமியில் நீர் தலைவாங்கக் குறித்திருக்கும் காவல்வீரன் காரியின் மேல் கத்தி விழலாகாது. காரணம் பின்னே வருகிறது. அதைப் படித்துக்கொண்டு நிற்காமல், இப்போதே ஆளனுப்பி அவன் விலங்கை அவிழ்த்துவிட்டு, பிறகு வந்து மிச்சத்தைப் படியும்.

அவன் அகழி மடையைத் திறந்து வாடிய வயல்களுக்குத் தண்ணீர் விட்டதும், போர்க்காலத்தில் அது தலைபோகும் குற்றம் என்பதும் உமக்குத் தெரியும். உமக்குத் தெரியாதது அவன் தமக்கை வெண்ணியின் கதை. நம் வேந்தரின் பாட்டனார் நாளில், ஆற்றுத்துறையை மறித்து நின்று மாண்ட எழுவரின் வீடுகளுக்கு வீட்டுக்கொரு பொற்காசு அருளப்பட்டது. அவ்வீட்டார் எவர் எப்பிழை செய்யினும், அக்காசை அரியணை முன் கொண்டுவந்து வைத்தால் ஓர் உயிர் ஒருமுறை விடுபடும் என்று வாக்கும் தரப்பட்டது. அதனால் அதை உயிர்க்காசு என்பர். அவ்வெழுவரில் ஒருவர் வெண்ணிக்குப் பூட்டனார். அவர் வீட்டில் அறுவடைதோறும் காசை மஞ்சள் நீராட்டிப் பூச்சாத்துவார்களே அன்றி, உரைகல்லில் ஒருநாளும் தேய்த்ததில்லை. தேய்ப்பது செத்தவரைச் சந்தேகிப்பதாகும் என்பது அவர்கள் வழக்கம்.

தம்பியைக் காக்கக் காசை எடுத்த அன்று, அதன் விளிம்பில் பச்சைக் களிம்பு இருக்கக் கண்டாள் வெண்ணி. பொன்னில் களிம்பு ஏறுமா? புளியிட்டுத் தேய்த்தாள், பச்சை போய்ச் சிவப்புத் தெரிந்தது. அதற்குமேல் தேய்க்க அவளுக்குத் துணிவில்லை. முந்தானையில் முடிந்துகொண்டு, முடிச்சை ஒருமுறையும் அவிழ்த்துப் பாராமல், தன் கண் பொய்யாய்ப் போகட்டும் என்று தெய்வத்தை வேண்டியபடியே எட்டு நாள் நடந்து தலைநகர் வந்து சேர்ந்தாள்.

நாணயம் நோக்கும் வண்ணக்கர் ஏறனார் காசை உரைத்தார், நிறுத்தார். பின்பு, உரைகல்லில் பொன்னே படிந்தாலும் விளிம்பு சிவக்கிறது, எடையும் குறைகிறது, பெரும்பாலும் இது கள்ளக்காசே, ஆயினும் உளியால் பிளந்தாலன்றி உறுதி சொல்ல இயலாது என்றார். பிளந்த காசு உயிர்க்காசு ஆகாது என்பதோ பாட்டனார் விதித்த நெறி. பெரும்பாலும் என்ற அச்சொல்லில் இவ்வோலை எழுதும் அமைச்சன் சற்றே நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. நல்ல காசை விற்றுத் தின்றுவிட்டுப் போலியைக் கொண்டுவந்தாள் என்று பொங்கினான். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. அரியணை முன் கள்ளக்காசு வைத்தவர்க்குரிய தண்டமாக வலக்கையை வெட்டி வாங்கச் சொன்னான். அவள் அழவில்லை. அவள் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதுகிறான்:

"பஞ்சத்துல ரெண்டு புள்ளைங்கள மண்ணுல வச்சோம் சாமி. அப்பகூட அதை விக்கல. இப்பவா வித்துருப்போம்?"

அன்று உச்சிப்பொழுதில் கை வாங்கப்பட்டது.

அமைச்சன் உணவுக்கு அமர்ந்தபோதுதான் பெரும்பாலும் என்ற அச்சொல் நினைவில் தைத்தது. எழுந்துபோய்க் கருவூலத்தைத் திறக்கச் செய்தான். அக்காசுகளை வார்த்த நாளில் மாதிரிக்கென வைத்த எட்டாவது காசு அங்கே உண்டு. நிறுத்தால் அதே குறைவு. அது எவர்க்கும் அருளப்படாத காசு ஆதலால் பிளக்கத் தடையில்லை, பிளந்தார்கள். உள்ளே முழுதும் செம்பு. ஏழு வீட்டுப் பிணங்களுக்கு ஈடாக அரண்மனையே பொன்முலாம் பூசிய செம்பைக் கொடுத்திருக்கிறது. வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் போய் முறையிடுவது? வேந்தரிடம் கூறினான். அவர், காசு எதுவாயினும் வாக்கு இவ்வரியணையினது, காரி விடுபடுக என்று அருளினார்.

மருத்துவர் மனையில் கிடந்தவளிடம் அமைச்சனே சென்று தம்பி பிழைத்த செய்தியைச் சொன்னான். அவள் கண் நிறைந்தது. அப்படியானால் அது நல்ல காசுதானா என்று கேட்டாள். ஆம் என்று சொல்லியிருக்கலாம். காலையில் அவள்மேல் பொய்ப்பழி சுமத்திய நாக்கு, மாலையில் இன்னொரு பொய்க்கு எழவில்லை. உள்ளதைச் சொன்னான்.

"எங்க பூட்டன் உசுருக்கு இதையா குடுத்தாங்க?" என்றாள். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவள், அதன்பின் எவரோடும் பேசவில்லை. கஞ்சியும் கொள்ளவில்லை, மருந்தும் கொள்ளவில்லை. தம்பி விடுபட்டான் என்று வேந்தரே சொல்லியனுப்பியும் அவள் நம்பவில்லை.

ஆகவே கட்டளை யாதெனில்: இவ்வோலையைக் கோட்டை முற்றத்தில் படையனைத்தும் கேட்க, காசு தந்தவர் வேந்தரின் பாட்டனார் என்பதையும் மறையாது படிக்க. மற்ற ஆறு வீட்டுக் காசுகளிலும் உரைகல் படலாகாது. கொண்டுவருவோர்க்கு வாக்கு நிற்கும். தமக்கையின் கை போனதைக் காரிக்கு நீரே சொல்ல; அது மாறன் ஆணையால் போனதென்று பெயர் சொல்லியே சொல்ல. அமைச்சன் பதவியை வேந்தர் திருவடியில் வைத்துவிட்டான். அவன் எழுதும் கடைசி ஓலை இது.

காரிக்கு உம் கோட்டையின் முதல்தரக் குதிரையைக் கொடுத்து, தமக்கையிடம் உடனே அனுப்புக. ஓலை உம்மிடம் வர இரண்டு நாள், அவன் இங்கு வர இரண்டு நாள். அவள் உயிருக்கு மருத்துவர் நான்கு நாளுக்குமேல் உறுதி சொல்லவில்லை. இந்நகரில் அவள் நம்பும் மனிதர் எவருமில்லை.

யாளி இலச்சினை இட்டது. குதிரை மாற்ற அன்றிக் காரி வழியில் எங்கும் நிற்கலாகாது.