பாயிண்ட்டையே திரும்பப் போட்டுவிட்டேன்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் உடம்பளவில் நன்றாக இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் சின்னவனும் எல்லா அளவிலும் நன்றாக இருக்க வேண்டும். சின்னவனுக்குச் சளி விட்டதா, ராத்திரி காதை மூடிப் படுக்க வை. அம்மாவின் காருக்கு நீ அனுப்பிய எலக்ட்ரானிக் இக்னிஷன் எப்படி இருக்கிறது என்று போனில் ஒவ்வொரு தடவையும் கேட்கிறாய், நானும் நல்லா இருக்கும்மா என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுகிறேன். அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்போது அதற்கு மேல் என்ன சொல்ல? அதனால்தான் எழுதுகிறேன். அதைக் கழற்றிவிட்டேன். பழைய மாதிரி பாயிண்ட்டையே திரும்பப் போட்டாயிற்று. கோபப்படாமல் கடைசி வரை படி.

தான் வேலை பார்த்த டிரைவிங் ஸ்கூலை மூடியபோது அந்தப் பழைய காரை அம்மா எப்படி ஆசையாக வாங்கிக்கொண்டாள் என்று உனக்குத் தெரியும். ஊரில் பாதிப் பேருக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவள், எனக்கு மட்டும் மூன்று தடவை கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது. மற்ற வேலைக்கு மெக்கானிக்கை விடுவாள், பாயிண்ட்டில் மட்டும் வேறு கை படக்கூடாது. இன்ஜினுக்குப் பொறி பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்து, உள்ளே ஒன்றையொன்று தொட்டுத் தொட்டு விலகும் அந்த இரண்டு முனைகளுக்கும் நடுவே மெல்லிய இரும்புத் தகட்டை நுழைத்துப் பார்த்து, இடைவெளி, அவள் பாஷையில் கேப், சரியாக வந்ததும் ஸ்க்ரூவை முடுக்குவாள். வருஷத்துக்கு இரண்டு முறை செய்தால் போதும். ஞாபகம் தவற ஆரம்பித்த பிறகு தினமும் காலையில் செய்தாள். காலையில் செய்தது மறந்துபோய் மத்தியானமும் செய்தாள். ஸ்க்ரூவின் தலை தேய்ந்துவிட்டது. ஒருநாள் முடுக்காமலே மூடியிருக்கிறாள் போல, டாக்டரிடம் போகும் வழியில் பாலத்தின் நடுவே வண்டி நின்றுவிட்டது. பின்னால் பஸ்காரன் ஹாரன் அடிக்கிறான், இவள் என்னைப் பார்த்து, க்ளட்சைப் பட்டுனு விடாதேன்னு எத்தனை தடவை சொல்றது உனக்கு, படிப்பே ஏறாதா என்று திட்டுகிறாள். அதைத்தான் உன்னிடம் சொன்னேன், நீயும் உடனே அந்த இக்னிஷனை அனுப்பி வைத்தாய்.

உன் சித்தப்பா, வண்டியை வித்துத் தொலைண்ணே, அண்ணியை டாக்சியில கூட்டிட்டுப் போயேன் என்றார். மெக்கானிக்கோ, மாத்திடுங்க சார், இதுல தேயறதுக்கும் ஒண்ணுமில்ல, திருப்பறதுக்கும் ஒண்ணுமில்ல என்றார். அப்போது அது எனக்கு நல்ல செய்தியாகத்தான் பட்டது. அம்மாவுக்குத் தெரியாமல் எதையும் செய்யவில்லை, அதை நீ நம்ப வேண்டும். மெக்கானிக் மூடியைத் திறந்தபோது அவள்தான் டார்ச் பிடித்தாள். பாயிண்ட்டுக்குப் பதிலாக வரும் அந்தக் காந்த வளையத்தைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இவ்வளவுதானா தம்பி, இதை முன்னாடியே கண்டுபிடிச்சிருந்தா என் இடுப்பு தப்பிச்சிருக்குமே என்றாள். மெக்கானிக் சிரித்துவிட்டார். போடுங்க என்று அவளே சொன்னாள். வண்டியும் அன்று சாவியைத் திருப்பியதும் கிளம்பியது, ஒரு உதறல் இல்லை. உன் சாமானில் ஒரு குறையும் கிடையாது.

மறுநாள் காலை வழக்கம்போல மூடியைத் திறந்திருக்கிறாள், உள்ளே பாயிண்ட் இல்லை. வண்டிக்கு அடியில் தேடினாள், துடைப்பத்தை எடுத்து வாசல் முழுக்கப் பெருக்கித் தேடினாள், பிறகு என்னிடம் வந்து, யாரோ பாயிண்ட்டைக் கழட்டிட்டுப் போயிட்டாங்க என்றாள். மகள் புதுசாக அனுப்பினாள், நீதானே போடச் சொன்னாய் என்றேன். நானா சொன்னேன், நான் இருக்கும்போது என் வண்டியில எதுக்கு வேற ஆள் கை வச்சான் என்று கேட்டு அழுதாள். அதற்கடுத்த நாளும் அதே தேடல், அதே அழுகை. நமக்கு அது நடந்து முடிந்த விஷயம், அவளுக்குத் தினமும் அன்றைக்குத்தான் திருடு போகிறது. ஒருநாள் உண்மையைச் சொல்ல மனசு வராமல், மெக்கானிக் சுத்தம் பண்ண எடுத்துப்போயிருக்கிறார் என்று சொல்லிவைத்தேன், அது இன்னும் மோசம். வெயில் ஏறியும் கேட்டைப் பிடித்துக்கொண்டு அவருக்காக நின்றாள், உள்ளே வா என்று இழுத்தாலும் வரவில்லை. கொஞ்ச நாளில் வண்டிப் பக்கம் போவதையே விட்டுவிட்டாள். அப்பாடா என்று நினைத்தேன். ஆனால் காலைச் சாப்பாடு முடிந்ததும் நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டு, நாம எப்போ வீட்டுக்குப் போறோம் என்று கேட்க ஆரம்பித்தாள். வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டுதான்.

மெக்கானிக் நல்ல மனுஷன். ஒரு பழைய டிஸ்ட்ரிபியூட்டரைப் பலகையில் பொருத்திக் கொண்டுவந்து, அக்கா இதைக் கொஞ்சம் சரிபண்ணிக் கொடுங்க, எனக்குக் கேப் பிடிபடல என்றார். இவளும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தண்டைச் சுழற்றி, தகட்டை நுழைத்து, பிசகாமல் வைத்துக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, சரி, இதுக்கு இன்ஜின் எங்கே தம்பி என்று கேட்டாள். அவர் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன். பாயிண்ட்டும் ஸ்க்ரூவும் புதிதாக வாங்கிப் போட்டோம். வண்டி இப்போது கேட்டைத் தாண்டுவதில்லை, டாக்டரிடம் டாக்சியில்தான் போகிறோம். ஓட்டாத வண்டிக்கு எதுக்குண்ணே இந்தப் பாடு, உனக்கும் மரை கழண்டுபோச்சா என்று சித்தப்பா கேட்கிறார், கேட்டுவிட்டுப் போகட்டும். டாக்சியிலும் இவள் டிரைவர் பக்கத்து சீட்டில்தான் உட்காருவாள், சிக்னல் வந்தால் இவள் வலது கால் தரையை அழுத்தும். டிரைவர், என்னம்மா என் மேல நம்பிக்கை இல்லையா என்றால், பாஸாகிற வரைக்கும் யார் மேலயும் நம்பிக்கை இல்லை என்கிறாள். காலையில் கையில் வேலை இருக்கிற நாட்களில்தான் இந்த மாதிரிப் பேச்சு. கை கடைசியாகத்தான் மறக்கும், ஆனால் அதுவும் மறக்கும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். எப்போது என்று கேட்டேன், சொல்ல முடியாது என்றார்.

போன வியாழக்கிழமை கேப் சரிபார்த்து மூடிவிட்டு என்னை ஸ்டார்ட் பண்ணச் சொன்னாள். உடனே பிடித்துக்கொண்டது. தலையைச் சாய்த்துச் சத்தத்தைக் கேட்டாள், முகம் அப்படியே தெளிந்தது. பிறகு ஜன்னல் பக்கம் குனிந்து, நல்லா வச்சிருக்காங்க, யாரோட வண்டி சார் இது என்று கேட்டாள். என்னை அவள் சார் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. உங்க வண்டிதாங்க என்றேன். சந்தோஷமாகப் போய் பானெட்டைத் துடைத்தாள். நான் இன்ஜினை அணைக்காமல் கொஞ்ச நேரம் உள்ளேயே உட்கார்ந்திருந்தேன்.

வருஷக் கடைசி லீவில் வருவதாகச் சொன்னாய். அதுவரை தள்ளிப்போடாதேம்மா, முடிந்தால் இந்த மாதமே கிளம்பி வா. மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்காவிட்டால் சின்னவனோடு நீ மட்டுமாவது வா. காலையில் அம்மா பானெட்டைத் திறக்கும்போது பக்கத்தில் நின்று டார்ச் பிடித்தால் போதும், வேறு எதுவும் கொண்டுவர வேண்டாம்.

மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல் நீண்ட காலம் நன்றாக இருங்கள். நேரத்துக்குச் சாப்பிடு. ஒன்றை மட்டும் மறக்காதே, இனிமேல் போன் பண்ணும்போது எடுத்த எடுப்பில் நான்தாம்மா என்று ஆரம்பிக்காதே. உன் பெயரைச் சொல்லு, மகள் பேசுகிறேன் என்று சொல்லு, அம்மா ம் என்று சொல்லும் வரைக்கும் கொஞ்சம் பொறுத்திரு.

அன்புடன்,
அப்பா